கம்பியில் கட்டிய கயிறு

கூட்டம் தொடங்குவதற்கு முன்பே "சுருக்கமா முடிச்சுக்குங்க டாக்டரம்மா" என்று அன்போடு எச்சரித்துவிட்டு, இப்போது கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! ஆலையின் சக்கரங்களோடு சக்கரமாய்ச் சுழன்று, தலை நரைத்தும் நடை தளராத பெரியவர்களே! பகலெல்லாம் நூலுக்கு நிறமேற்றிவிட்டு, நகக்கண்ணில் நீலமும் சிவப்பும் நிற்க, நேராக இங்கே வந்திருக்கும் உழைப்பாளித் தோழர்களே! அடுப்பை அணைத்து, அழுகிற பிள்ளையை இடுப்பில் ஏற்றி, ஆறுதலாக உட்கார ஒரு மணி நேரம் கிடைத்ததே என்று வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்த மனநல மருத்துவரின் வணக்கம்.

வாசலில் நிற்கிற தம்பிகளே, கால் கடுக்க ஏன் நிற்கிறீர்கள்? அதோ, நான்காவது வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. உள்ளே வந்து உட்காருங்கள். என்ன, யாரும் அசையவில்லை? வெட்கமா? சரி, நின்றே கேளுங்கள். அந்த நாற்காலிகளைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

தலைவர் என்னை அழைக்கும்போது, "மனநோயைப் பத்தி நாலு வார்த்தை பேசணும்" என்றார். எதற்காக அந்த நாலு வார்த்தை என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. இன்று இந்தச் சங்கத்தின் முன்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது. நம் மேஸ்திரிக்கு அக்கரைக்காரர்கள் மேல் இருக்கும் அருவருப்பு ஒரு மனநோய். ஆகவே அவரைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்புங்கள் என்று நீதிமன்றத்தைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம். நான் பேசி முடித்ததும் உங்களைக் கை தூக்கச் சொல்வார்கள். மருத்துவர் வாயாலேயே வந்துவிட்டால் தீர்மானத்துக்கு மெருகு கூடும் அல்லவா?

தலைவரே, நான் நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன அன்று நீங்கள் வரவில்லை. வந்திருந்தால் என்னை இங்கே அழைத்திருக்க மாட்டீர்கள். சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், தோழர்களே. இனிமேல் சிரிக்க இடம் வராது.

அவரைப் பரிசோதிக்கச் சொல்லி நீதிமன்றம்தான் என்னிடம் அனுப்பியது. நான் கண்டதைத் திறந்த மன்றத்தில், அவரையும் வைத்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். தீர்ப்பு இன்னும் வரவில்லை. அங்கே சொன்னதைத்தான் இங்கேயும் சொல்லப்போகிறேன்; ஒரு சொல் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

முதலில் அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் வீட்டிலிருந்து வந்திருக்கும் தாய்மார்கள் பலர் அந்தத் தொட்டியைப் பார்த்ததே இல்லை. சாயக் கழிவெல்லாம் போய்ச் சேருகிற தரையடித் தொட்டி அது. அடியில் சேறு தங்கும். சேற்றைக் கிளறினால் காற்று நஞ்சாகும். அதைச் சுத்தம் செய்ய ஒருவர் இறங்குவார். அவர் இடுப்பில் ஒரு கயிறு. அந்தக் கயிற்றின் மறுமுனை, மேலே நிற்பவரின் மணிக்கட்டில்.

ஏன் மணிக்கட்டில்? கையில் பிடித்தால் போதாதா? போதாது என்று கண்டுபிடித்தவர்கள் உங்கள் முன்னோடிகள். மேலே மோட்டார் ஓடுகிறது, கத்தினால் கேட்காது. கீழே இருட்டு, எட்டிப் பார்த்தால் தெரியாது. கண் அயரும், காது ஏமாறும், கை பிடி தளரும். மணிக்கட்டு மட்டும் மறக்காது. உள்ளே இருப்பவர் விடாமல் இழுத்தால், என்னைத் தூக்கு என்று பொருள். அப்போது மேலே இருப்பவர் டீ குடித்துக்கொண்டிருந்தாலும், யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும், அவர் கையே அவரை இழுத்துச் சொல்லும்: கீழே ஓர் உயிர் இருக்கிறது! அங்கே ஓர் உயிர் இருக்கிறது!

இதற்குச் சட்டம் இல்லை, சுற்றறிக்கை இல்லை. நீங்களாக வைத்துக்கொண்ட வழக்கம் இது. நான் எத்தனையோ அறிவாளிகளின் அவைகளில் அமர்ந்திருக்கிறேன். ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு எப்படிப் பொறுப்பாவது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அந்தக் கயிற்றைக் கட்டிக்கொள்வதில் பெயர் பெற்றவர் யார்? நம் மேஸ்திரிதான். உடும்பு மேஸ்திரி என்றுதானே கூப்பிடுவீர்கள்? அப்படிப்பட்ட பிடி. ஒருமுறை மயங்கி விழுந்த ஆளைத் தன்னந்தனியாக இழுத்து மேலே போட்டவர். கயிறு அறுத்த தழும்பு அவர் மணிக்கட்டில் இன்னமும் இருக்கிறது. பரிசோதனை அறையில் நானே பார்த்தேன். ஆமாம், கைதட்டுங்கள். அதற்குக் கைதட்டத்தான் வேண்டும். அந்த உயிரை அவர் காப்பாற்றினார்.

பிறகு தொட்டிக்கு ஒரு புது ஆள் வந்தார். நெட்டை என்று நீங்கள் வைத்த பெயர். கதவு நிலையில் இடித்து இடித்து, குனிந்தே நடக்கப் பழகிய மனிதர். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அங்கிருந்து வருகிறவர்களை நாம் அக்கரைக்காரர்கள் என்கிறோம். பாலம் கட்டி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. லாரி போகிறது, பேருந்து போகிறது, கல்யாண ஊர்வலம்கூடப் போகிறது. அக்கரை மட்டும் இன்னும் அக்கரையாகவே இருக்கிறது.

அன்று காலை நெட்டை இறங்கினார். இடுப்பில் கயிறு கட்டியிருந்தது. மறுமுனையை மேஸ்திரி எடுத்தார். எடுத்து, தன் மணிக்கட்டில் கட்டவில்லை. தொட்டியைச் சுற்றி ஒரு இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கிறதே, பச்சை வண்ணம் பூசியது, அதில் கட்டினார். நன்றாகவே கட்டினார், முடிச்சில் குறை சொல்ல முடியாது. கட்டிவிட்டு, சற்றுத் தள்ளிப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்தார்.

பிறகு வந்து பார்த்தபோது கயிறு தொய்ந்து கிடந்தது.

அந்தக் கம்பியை நீங்கள் பார்த்தீர்களா? நான் போய்ப் பார்த்தேன். கயிறு கட்டியிருந்த இடத்தில் பச்சை வண்ணம் உரிந்து, உள்ளே இருந்த இரும்பு தெரிந்தது. ஒரு முறை இழுத்தால் அப்படி உரியுமா? இரண்டு முறை இழுத்தால் உரியுமா? அவர் இழுத்திருக்கிறார். இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறார். மேலே ஒரு கை இருக்கிறது, அந்தக் கையில் ஒரு உயிர் இருக்கிறது என்று நம்பி நம்பி இழுத்திருக்கிறார். கம்பிக்கு வலிக்குமா? கம்பி திரும்பிப் பார்க்குமா? கம்பி, "ஐயோ, யாராவது ஓடி வாங்க" என்று கத்துமா?

இங்கே ஒரு தாய் கண்ணைத் துடைக்கிறார். துடைத்துக்கொள்ளுங்கள் அம்மா. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

மேஸ்திரியை என் முன்னால் உட்கார வைத்தார்கள். பணிவான மனிதர். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார். நான் கேட்டேன்: "ஏன் கம்பியில கட்டினீங்க?"

"அது அவன் இடுப்புல சுத்தின கயிறு டாக்டரம்மா. அதை நான் கையில சுத்திக்கிறதா? ஒமட்டுது."

"ஒமட்டுறது எப்போதிருந்து?"

"சின்ன வயசுலேருந்தே. அவங்க தொட்டதைத் தொட்டா கை கூசும். என்னால அடக்க முடியாது. வக்கீல் சார் சொல்றாரு, இது ஒரு வியாதியாம். எனக்கே இப்பதான் தெரியுது."

பாருங்கள், தோழர்களே. ஆயுள் முழுக்க இருந்த வியாதி, வழக்கறிஞர் வந்த பிறகுதான் தெரிகிறது! நான் அவசரப்படவில்லை. உண்மையிலேயே அப்படி நோய்கள் உண்டு. தொட்டால் தீட்டு ஒட்டிக்கொள்ளும் என்று நடுங்குகிறவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீரில் விஷம் கலக்கிறார் என்று நம்புகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆகவே நோயா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டியதை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"பாதுகாப்பு ஆய்வாளர் வந்து பார்க்கிற நாள்ல, நெட்டை இறங்கினா கயிறு எங்க இருக்கும்?"

யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அன்னைக்குக் கையில கட்டிக்குவேன். இல்லாட்டி எழுதிப்போட்டுட்டுப் போயிடுவாரு இல்லீங்களா?"

"அப்போ ஒமட்டாதா?"

"பொறுத்துக்குவேன்."

"ஆலைக்கு வந்திருக்கிற புது மேலாளர் எந்தப் பக்கத்துக்காரர்?"

தலையைக் குனிந்துகொண்டார். "அவரும் அக்கரைதான்."

"வந்த அன்னைக்கு உங்களுக்குக் கை கொடுத்தாராமே?"

"குடுத்தாரு. வாங்கிக்கிட்டேன். அவர் மேலாளர் இல்லீங்களா?"

அவர் மேலாளர் இல்லீங்களா! இந்த ஒரு கேள்வியில் வழக்கு முடிந்துவிட்டது, பெரியோர்களே. நோய் நாள் பார்க்குமா? நோய் பதவி பார்க்குமா? காய்ச்சல் வந்தவர், முதலாளி வந்துவிட்டார் என்று குளிர்ந்து போவாரா? வலிப்பு வந்தவர், ஆய்வாளர் போகட்டும் என்று பொறுத்திருப்பாரா? மேலே இருப்பவனிடம் குழைந்து, கீழே இருப்பவனிடம் மட்டும் குமட்டுகிற நோய் எந்த மருத்துவ நூலில் இருக்கிறது? நான் படித்த நூல்களில் இல்லை. அதனால்தான் நீதிமன்றத்தில் சொன்னேன்: இவருக்கு மனநோய் இல்லை. இவருக்கு இருப்பது ஒரு கணக்கு. எந்த உயிருக்காகப் பொறுத்துக்கொள்ளலாம், எந்த உயிருக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்ற கணக்கு.

பின்வரிசையில் ஒரு தோழர் ஏதோ கேட்கிறார். உரக்கக் கேளுங்கள் ஐயா. "இது தொத்துதே, அப்போ வியாதிதானே?" நல்ல கேள்வி. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வருகிறது. ஒரு தெருவில் இருந்தால் அடுத்த தெருவுக்குப் போகிறது. ஆனால் ஐயா, வசவும்தான் தொற்றுகிறது. வாய் திறக்கத் தொடங்கிய குழந்தை வசவைக் கற்றுக்கொண்டால், மருந்துக்கடைக்கா ஓடுகிறோம்? வீட்டில் யார் பேசினார்கள் என்றுதானே பார்க்கிறோம்? காய்ச்சல் தானாக வந்து தொற்றும். இதை நாம் ஊட்டுகிறோம். சோற்றோடு பிசைந்து ஊட்டுகிறோம்.

இப்போது என் மருத்துவமனை விடுதியில் சிகிச்சையில் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். "சொல்லுங்க டாக்டரம்மா, பேரை மட்டும் விட்டுடுங்க" என்று அவரே அனுமதி தந்துதான் சொல்கிறேன். விடுதியில் அவருக்கு சோப்பு அக்கா என்று பெயர். யாரைத் தொட்டாலும் கை கழுவ வேண்டும். கழுவிய குழாயைத் தொட்டதற்காக மீண்டும் கழுவ வேண்டும். தோல் உரிந்து, விரலிடுக்கெல்லாம் ரணம். அவர் அருவருப்பு ஆள் பார்க்காது. அக்கரை, இக்கரை பார்க்காது. பெற்ற மகளைத் தொட்டாலும் கழுவுவார், கழுவிக்கொண்டே அழுவார். என் கையைப் பிடிக்கத் துணிவில்லாமல், என் சேலை முந்தானையைப் பார்த்துக் கும்பிட்டு, "இதுலேருந்து என்னை எப்படியாவது விடுவிச்சுடுங்க" என்று கெஞ்சிய பெண். அதுதான் நோய். நோய் முதலில் தன்னைச் சுமப்பவரைத்தான் தின்னும்.

மேஸ்திரியை எங்கள் விடுதிக்கு அனுப்பப்போகிறார்கள் என்ற பேச்சு சோப்பு அக்கா காதுக்கும் எட்டியது. என்னைத் தேடி வந்தார். "டாக்டரம்மா, அவரை இங்கதான் படுக்க வைக்கப்போறீங்களா?"

"தெரியாதும்மா. நீதிமன்றம்தான் சொல்லணும்."

"அப்படி வெச்சா, என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க. எனக்கு வியாதி. என்னால யாரும் சாகல. நாளைக்கு என் பொண்ணைப் பார்த்து, 'உங்கம்மாவுக்கும் அந்த மேஸ்திரிக்கு இருக்கிற வியாதிதானே'ன்னு நாலு பேர் கேட்டா, அவ என்ன பதில் சொல்லுவா?"

தோழர்களே, நீங்கள் சொல்லுங்கள், அந்தப் பெண்ணுக்கு என்ன பதில்? கையைக் கழுவிக் கழுவி ரணமாக்கிக்கொண்டவர் அவர். ஒரு சாவைக் கை கழுவிவிட்டுப் போகப் பார்க்கிறவர்கள் நாம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கலாமா? நோயாளிகள் ஏற்கெனவே சுமக்கிற பழி போதாதா? தெருவில் போகிற ஒரு வெறியனைப் பார்த்து "பைத்தியம்" என்கிறோமே, அப்படிச் சொல்லும்போதெல்லாம் சோப்பு அக்கா போன்ற எத்தனை அப்பாவிகள் மேல் அந்தச் சேற்றை வீசுகிறோம் என்று நினைத்துப் பார்த்தோமா?

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். நேரம் ஆகிவிட்டதாம். தலைவரே, இதை முடிக்காமல் நான் இறங்குவதாக இல்லை. ஒலிபெருக்கியை நிறுத்தினாலும் எனக்குக் குரல் இருக்கிறது.

மேஸ்திரியின் மனைவியும் என்னிடம் வந்தார். மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்து பிடித்தார். "பைத்தியம்னுகூட எழுதிக் குடுங்கம்மா. கொலைகாரன்னு மட்டும் சொல்லிடாதீங்க. வீட்டுல அவர் தங்கமான மனுஷன். எனக்கு ஒடம்பு சரியில்லைன்னா விடிய விடிய கண்ணு முழிப்பாரு."

நம்புகிறேன். அந்த அம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நம்புகிறேன். என் நெஞ்சைப் பிசைவதே அதுதான். அவர் ராட்சசனாக இருந்திருந்தால் நமக்கு எவ்வளவு நிம்மதி! அவர் பித்தனாக இருந்திருந்தால் நமக்கு எவ்வளவு வசதி! அவர் நல்ல கணவர், நல்ல தொழிலாளி, ஓர் உயிரை இழுத்துக் காப்பாற்றியவர். அந்த நல்லவர், நல்ல புத்தியோடு, நல்ல பகலில், ஒரு மனிதனைக் கம்பியில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போனார். ஒமட்டல் வந்தது என்கிறார். வரட்டும். ஆனால் கயிற்றைக் கம்பியில் கட்டியது ஒமட்டல் இல்லை, அவர் கை.

அவர் மட்டுமா? கயிறு கம்பியில் இருந்ததை அன்று அந்த இடத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அன்று மட்டுமல்ல, நெட்டை இறங்கிய ஒவ்வொரு நாளும் பார்த்தார்கள். நீதிமன்றத்தில் கேட்டபோது, "மேஸ்திரி விஷயத்துல நாங்க எப்படித் தலையிடுறது?" என்றார்கள். நான் யாரையும் சுட்டிக் காட்டவில்லை. அவர்களில் சிலர் இங்கே இருக்கிறீர்கள். தலை குனிந்திருப்பது மேடையிலிருந்து தெரிகிறது. உங்களுக்கும் மனநோயா? ஆலை முழுக்க மனநோயா? அப்படியானால் ஊரைச் சுற்றி மதில் எழுப்பி, வாசலில் மருத்துவமனை என்று பலகை மாட்டிவிடலாமே!

சொல்கிறேன் கேளுங்கள். நோய் என்ற சொல் நமக்கு ஏன் இனிக்கிறது தெரியுமா? நோய் என்றால் அது ஒருவருக்கு. அவரைப் படுக்க வைத்து மாத்திரை கொடுத்துவிட்டால், மற்றவர்களெல்லாம் சுகமானவர்கள். இந்தத் தீர்மானம் மேஸ்திரியைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்டது என்று நினைக்கிறீர்களா? நம்மைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்டது.

நம்பிக்கை வரவில்லையா? சரி. அந்த இரண்டு நாற்காலிகளுக்கு வருவோம்.

வாசல் வரைக்கும் கூட்டம் நிற்கிறது. சுவரோரமெல்லாம் ஆட்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய், அதோ, தூணில் சாய்ந்து நிற்கிறார். ஆனால் நான்காவது வரிசையில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு நாற்காலிகள் காலி. நடுவில் யார் இருக்கிறார்கள்? திரும்பிப் பார்க்க வேண்டாம், உங்களுக்கே தெரியும். நெட்டையின் மனைவி. அவர் பக்கத்தில் நெட்டையின் தம்பி. என்னை மன்னித்துவிடு தாயே, உன்னைக் காட்டிப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கூட்டம் தொடங்கியதிலிருந்து இந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டே எப்படிப் பேசாமல் இருப்பது?

வந்து உட்காருங்கள் என்று நான் கூப்பிட்டேன். ஒருவர்கூட அசையவில்லை. யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை, யாரும் தடுக்கவில்லை. தானாக நடந்தது. எவ்வளவு நேர்த்தியாக நடந்தது! இதற்கு என்ன மருந்து எழுதட்டும்? காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று எத்தனை பேருக்கு எழுதட்டும்?

ஏன் இத்தனை அமைதி? சற்று முன்பு கைதட்டினீர்களே?

கடைசியாக ஒன்று. அன்றிலிருந்து பூட்டிக் கிடந்த தொட்டியை நாளைக் காலை திறக்கிறார்கள். முகமூடி தருவதாக நிர்வாகம் சொல்கிறது, சந்தோஷம், தரட்டும். இறங்கப்போவது யார்? அந்த வேலைக்கு நாம் எப்போதும் யாரைக் கூப்பிடுவோமோ அவர்களில் ஒருவர்தான். நாளைக்கு இறங்கப்போகிறவர் நெட்டையின் தம்பி. அண்ணனைத் தின்ற அதே தொட்டி. அண்ணி வேண்டாம் என்று சொல்லியும், வீட்டில் பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே என்று இறங்கப்போகிறார். கூட்டத்துக்கு முன்னால் அவரிடம் பேசினேன். "பயமா இல்லையா தம்பி?" என்றேன். அவர் சொன்னார்: "தொட்டியைப் பார்த்துப் பயமில்லீங்க. மேல யாரு நிப்பாங்கன்னுதான்."

நாளைக் காலை அவர் இடுப்பில் கயிறு இருக்கும். மறுமுனை எங்கே இருக்கும்? கம்பியிலா? அந்தப் பச்சைக் கம்பியிலா?

இன்னும் சற்று நேரத்தில் தலைவர், தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்பார். தூக்குவதும் தூக்காததும் உங்கள் உரிமை. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். தூக்குவதற்கு முன்னால், அந்தக் கையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அதில் ஒரு மணிக்கட்டு இருக்கிறது. நோயில்லாத, ஊனமில்லாத, உழைத்து உரமேறிய மணிக்கட்டு. அது எதற்காக இருக்கிறது என்று உங்கள் முன்னோடிகள் ஒரு வழக்கம் வைத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாளைக்கு அந்தக் கயிறு உங்களில் யார் மணிக்கட்டில்?

பதில் இப்போது வேண்டாம். நாளைக் காலை தொட்டியோரம் சொன்னால் போதும்.

இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், பிடிக்காததைக் கேட்டும் எழுந்து போகாமல் இருந்த தோழர்களுக்கும், கண்ணீரை மறைக்காத தாய்மார்களுக்கும் என் நன்றி. மேடையில் எனக்கென்று போட்டிருக்கும் இந்த மெத்தை வைத்த நாற்காலி எனக்கு வேண்டாம். நான் இறங்கி வந்து, நான்காவது வரிசையில், அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரப்போகிறேன்.

தம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருக்கிறது. அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

வணக்கம்.